கிளப்புக்கு ஒருமுறை வந்தவர்கள் ஏன் திரும்பி வருவதில்லை?

நீங்கள் எழுதியதை என் சொற்களில் சுருக்கிக்கொள்கிறேன். உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியர். வாரத்தில் ஒரு நாள், பள்ளி விட்ட பிறகு புரோகிராமிங் கிளப் நடத்துகிறீர்கள். தொடர்ந்து வருகிறவர்கள் பதினைந்து பேர், அதில் பதின்மூன்று பேர் பையன்கள், அத்தனை பேர் வீட்டிலும் கம்ப்யூட்டர் உண்டு. பெண்கள், வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்கள், குடும்பத்தில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள், பார்வைக் குறைபாடு உள்ள ஒரு மாணவர் என்று யாரை நினைத்துக் கிளப்பைத் தொடங்கினீர்களோ அவர்கள் வருவதில்லை. "இவர்களை எப்படி ஊக்கப்படுத்துவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்விக்குக் கீழே, போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: போஸ்டர் ஒட்டி, வெளியிலிருந்து ஒருவரை அழைத்துப் பேசவைத்த வாரம் ஒன்பது பேர் புதிதாக வந்தார்கள், மூன்றாவது வாரம் அவர்களில் ஒருவரும் இல்லை. என்னைக் கேட்டால் உங்கள் கேள்வியே அந்த வரிதான். ஒன்பது பேர் தாங்களாக நடந்து வந்திருக்கிறார்கள் என்றால் ஊக்கத்துக்குக் குறைவில்லை. அந்த இரண்டு வாரத்தில் அந்த அறைக்குள் என்ன நடந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நான் பதினோரு ஆண்டுகள் மென்பொருள் எழுதிச் சம்பாதித்தவன். அதன்பின் பதினான்கு ஆண்டுகளாகப் பதின்வயதுப் பிள்ளைகளுக்குப் புரோகிராமிங் சொல்லிக்கொடுக்கிறேன். இதில் முதல் நான்கு ஆண்டுகளைத் தவறாகவே செய்தேன் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். கீழே எழுதுவதில் சில விஷயங்களுக்கு நல்ல ஆய்வுச் சான்று உண்டு, சில என் அனுபவம் மட்டுமே. எது எந்த வகை என்று அந்தந்த இடத்தில் சொல்லிக்கொண்டே போகிறேன்.

அந்த நான்கு ஆண்டுகளில் நடந்த ஒன்றை முதலில் சொல்கிறேன். இரண்டாவது வகுப்புக்கு வந்திருந்த பெண் ஒருத்தி. பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியில் 'இஃப்' என்ற நிபந்தனை வரி எழுதி, கடைசியில் முக்காற்புள்ளி வைக்க மறந்துவிட்டாள். திரையில் சிவப்பில் நான்கு வரி எரர். அவள் கையை கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்து இருக்கைப் பையன் எட்டிப் பார்த்து, "கோலன் விட்டுட்ட, இதுகூடவா தெரியல?" என்று சொல்லிக்கொண்டே கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, தட்டி, ஓடவைத்துவிட்டு, திரும்பித் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டான். மொத்தமே ஏழெட்டு விநாடிதான். நான் அறையின் மறுபக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், 'பரவாயில்லையே, உதவி செய்கிறான்' என்று மனதுக்குள் பாராட்டவும் செய்தேன். மீதி நாற்பது நிமிடம் அவள் எதையும் தட்டவில்லை. அடுத்த வாரம் வரவில்லை. அவன் கெட்ட பையன் இல்லை. தனக்குத் தெரிந்ததை எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது என்று நினைத்துக்கொண்டான், அவ்வளவுதான். அந்தப் பெண்ணும் அதையே நம்பிவிட்டாள் என்பதுதான் கோளாறு.

இது என் ஒருவனுடைய கதை இல்லை என்பதற்குக் கல்லூரி அளவில் நல்ல சான்றுகள் இருக்கின்றன. அமெரிக்காவின் ஹார்வி மட் கல்லூரியில் 2006-ஐ ஒட்டி முதலாண்டுக் கணினிப் பாடத்தைத் திருத்தி அமைத்தார்கள். ஜாவா என்ற மொழியை விட்டுப் பைத்தானுக்கு மாறினார்கள். ஏற்கனவே கோடிங் தெரிந்தவர்களையும் தெரியாதவர்களையும் தனித்தனிப் பிரிவாக உட்காரவைத்தார்கள். வகுப்பில் தனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டி மற்றவர்களை மிரளவைக்கும் மாணவரைப் பேராசிரியர் தனியே அழைத்து, "உன்னோடு பேச எனக்கு ஆசைதான், ஆனால் வகுப்பில் வேண்டாம், நாம் தனியாகப் பேசுவோம்" என்கிற தொனியில் சொல்வதை ஒரு வழக்கமாகவே வைத்துக்கொண்டார்கள். கணினித் துறையை எடுத்துப் படிக்கும் பெண்களின் பங்கு சுமார் 10 சதவீதத்திலிருந்து சில ஆண்டுகளில் 40 சதவீதத்தைத் தொட்டது. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1995-ல் கணினி அறிவியலில் சேர்ந்தவர்களில் 7 சதவீதம்தான் பெண்கள், 2000-ல் அது 42 சதவீதம். அங்கே செய்த முக்கியமான மாற்றங்களில் ஒன்று, சேர்க்கையின்போது முன்பே புரோகிராமிங் தெரிந்திருப்பதற்குக் கொடுத்துவந்த எடையைக் குறைத்தது. இரண்டு இடத்திலும் பல மாற்றங்களை ஒன்றாகச் செய்ததால் எந்த மாற்றத்துக்கு எவ்வளவு பலன் என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் கல்லூரிகள், அதுவும் பொறுக்கி எடுத்த மாணவர்கள். ஆனால் ஒன்று உறுதி. அந்த ஐந்தாறு ஆண்டில் பெண்களின் மூளை மாறிவிடவில்லை, பாடம் நடந்த விதம்தான் மாறியது.

"புரோகிராமிங் சிலருக்குத்தான் வரும், அது பிறவியிலேயே வரவேண்டும்" என்ற பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஒரு காலத்தில் எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. 2006-ல் பிரிட்டனில் சயீத் தெஹ்னாதி, ரிச்சர்ட் போர்னட் என்ற இருவர் ஒரு கட்டுரையைச் சுற்றுக்கு விட்டார்கள். ஒரு வேரியபிளின் (நிரலில் மதிப்பைப் போட்டுவைக்கும் பெயரின்) மதிப்பை இன்னொன்றுக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்பது மாதிரியான சின்னச் சின்னக் கேள்விகளை முதல் வகுப்புக்கு முன்பே கேட்டால், யாருக்குப் புரோகிராமிங் வரும், யாருக்கு வராது என்று பிரித்துவிடலாம் என்றது அந்தக் கட்டுரை. இரட்டைத் திமில் ஒட்டகம் போல மாணவர்கள் இரண்டு கூட்டம் என்ற அந்த உவமை ஆசிரியர்கள் மத்தியில் தீயாய்ப் பரவியது. நாம் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்ற குற்ற உணர்ச்சிக்கு அதைவிட நல்ல மருந்து ஏது? ஆனால் 2014-ல் போர்னட்டே அந்தக் கூற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 2016-ல் எலிசபெத் பட்டிட்சாஸும் அவரது குழுவும் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் 778 கணினி வகுப்புகளின் இறுதி மதிப்பெண் பரவலை எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு திமில் உள்ளவை என்று சொல்லத்தக்கவை 5.8 சதவீதம் மட்டுமே. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது. திறமை பிறவியிலேயே வருவது என்று நம்பும் ஆசிரியர்கள், சாதாரணமான பரவலைப் பார்த்தும் அதில் இரண்டு திமில் இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு கூடுதல். ஆகவே உங்கள் பதின்மூன்று பையன்களுக்கும் அந்த ஒன்பது பேருக்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் கீபோர்டு முன்னால் கழிந்த மணிக்கணக்குதான். கணித ஆசிரியராக, முதல் முறை அல்ஜீப்ரா பார்க்கிறவனையும் ஏற்கனவே ஒரு வருடம் டியூஷன் படித்துவிட்டு வந்தவனையும் ஒரே பெஞ்சில் வைத்து ஒப்பிட மாட்டீர்கள். இங்கேயும் அதேதான்.

அந்த மணிக்கணக்கு எப்படி ஒரு பக்கமாகச் சேர்ந்தது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1940-களில் எனியாக் என்ற அமெரிக்காவின் தொடக்ககால மின்னணுக் கணினிக்கு நிரல் அமைத்த முதல் குழு ஆறு பெண்கள். அமெரிக்காவில் கணினி அறிவியல் பட்டம் பெற்றவர்களில் பெண்களின் பங்கு 1980-களின் நடுவில் சுமார் 37 சதவீதம் வரை ஏறி, பிறகு இறங்கி, 2000-களின் இறுதியில் 18 சதவீதத்தை ஒட்டி நின்றது. ஏறிய ஒன்று ஏன் இறங்கியது என்பதற்கு ஒரே காரணத்தைக் காட்டுவது கடினம். வீட்டுக் கணினிகள் சந்தைக்கு வந்தபோது அவை பையன்களின் விளையாட்டுப் பொருளாக விளம்பரமாகி, பையன்களின் அறைக்குள் போய்விட்டன என்ற விளக்கம் எனக்கு வலுவாகப் படுகிறது. கார்னெகி மெலன் மாணவர்களிடம் நடத்திய நேர்காணல்களும் அதையே காட்டின. ஆனால் அது பெண்களைப் பற்றிய விளக்கம் மட்டுமே. வீட்டில் கம்ப்யூட்டரே இல்லாத பிள்ளைக்கு அது யார் அறையில் இருந்தால் என்ன?

இனி அந்த அறைக்கு வருகிறேன். சாப்னா செர்யான் என்ற உளவியலாளர் 2009-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உங்கள் லேபுக்கு நேரடியாகப் பொருந்தும். ஒரே அறையில் ஒருமுறை விண்வெளித் தொடர் போஸ்டர், வீடியோ கேம் பெட்டிகள், காலி சோடா கேன்கள். இன்னொருமுறை இயற்கைக் காட்சிப் படம், சாதாரணப் புத்தகங்கள் என்ற மாதிரி பொதுவான பொருள்கள். முதல் வகை அறையில் உட்கார்ந்த பெண்களுக்குக் கணினித் துறையில் ஆர்வம் குறைந்தது, பையன்களிடம் அந்தச் சரிவு இல்லை. பின்னர் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்ததிலும் இதே போக்குதான். சுவரில் என்ன தொங்குகிறது என்பதால் மட்டும் ஒருத்தி வாழ்நாள் முடிவை எடுத்துவிடுவாள் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள், ஆய்வு அளந்தது அந்த நேரத்து ஆர்வத்தைத்தான். ஆனால் செலவே இல்லாத மாற்றம், ஒரு மதியத்தில் முடியும் வேலை. சுவரைக் காலி செய்துவிட்டு, பிள்ளைகள் செய்ததை அச்சடித்து ஒட்டுங்கள். வந்து இரண்டே வாரமானவர்கள் செய்ததும் அதில் இருக்கட்டும்.

போஸ்டரைப் பற்றி ஒரு வார்த்தை. "அனைவரும் வருக" என்ற போஸ்டர் ஏற்கனவே வர நினைத்தவரைத்தான் அழைத்துவரும். "நமக்கெல்லாம் இல்லை" என்று முடிவுசெய்துவிட்ட பிள்ளைக்கு அந்த 'அனைவரில்' தானும் உண்டு என்று தோன்றாது. என் அனுபவத்தில் வேலை செய்தது ஒன்றே ஒன்றுதான்: ஆசிரியர் நேரில் போய், பெயர் சொல்லி, காரணத்தோடு கூப்பிடுவது. "நேற்று அந்த வடிவியல் கணக்கை நீ ரெண்டு வழியில போட்ட. அப்படி யோசிக்கிறவங்களுக்குப் பிடிக்கிற ஒரு விஷயம் இருக்கு, வந்து பாரு. உன் சிநேகிதியையும் கூட்டிட்டு வா." இதில் கடைசி வாக்கியம் முக்கியம். தனியாக ஒருவரை அழைக்காதீர்கள், இரண்டு மூன்று பேராக அழையுங்கள். பதின்மூன்று பையன்களுக்கு நடுவில் ஒற்றைப் பெண்ணாக உட்கார்வது வளர்ந்தவர்களுக்கே அயர்ச்சி. நீங்கள் கணித ஆசிரியராக இருப்பது இதற்கு வரம், யார் எப்படி யோசிக்கிறார்கள் என்று உங்களுக்குத் தினமும் தெரிகிறது.

அடுத்தது நேரம். பள்ளி விட்ட பிறகு என்றாலே கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள், தம்பி தங்கையைக் கூட்டிப் போக வேண்டியவர்கள், வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் வடிகட்டப்பட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று நாமும் எழுதிவைத்துவிடுகிறோம். முடிந்தால் மதிய இடைவேளைக்கு மாற்றுங்கள். அதைவிட நல்லது, உங்கள் கணித வகுப்பிலேயே மாதம் இரண்டு பீரியடை இதற்கு ஒதுக்குவது. விருப்பப் பாடம் என்று வைத்தாலே விருப்பம் ஏற்கனவே இருப்பவர்கள்தான் வருவார்கள். பாடத்திட்டத்தில் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். இங்கிலாந்தில் 2014 முதல் கம்ப்யூட்டிங் ஐந்து வயதிலிருந்தே கட்டாயப் பாடம். ஆனாலும் 16 வயதில் எழுதும் கணினி அறிவியல் தேர்வை விருப்பமாக எடுப்பவர்களில் பெண்கள் சுமார் ஐந்தில் ஒருவர்தான். கட்டாயம் கதவைத் திறந்துவிடும், உள்ளே உட்காரவைப்பது வேறு வேலை.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் விஷயத்தில் எனக்கு ஒரே விதி. அறைக்குள் தொடங்குவது அறைக்குள்ளேயே முடிய வேண்டும். "மீதியை வீட்டில் முடித்துவிட்டு வாருங்கள்" என்று நீங்கள் சொன்ன அன்றே வகுப்பு இரண்டாகப் பிளந்துவிடும். வீட்டுக்கு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால் காகிதத்தில் கொடுங்கள். டேல் பார்சன்ஸ், பட்ரீஷியா ஹேடன் இருவரும் 2006-ல் அறிமுகப்படுத்திய ஒரு வகைப் பயிற்சி இருக்கிறது, பார்சன்ஸ் கணக்குகள் என்றே பெயர். சரியான நிரலை வரி வரியாக வெட்டிக் கலைத்துக் கொடுத்துவிடுவது, மாணவர் அதை ஒழுங்காக அடுக்க வேண்டும். எழுத்துப்பிழைக்கு இடமில்லை, சிந்தனை முழுவதும் வரிசையில் நிற்கும். கத்தரிக்கோலும் காகிதமும் போதும். நியூசிலாந்தில் டிம் பெல்லும் அவர் சகாக்களும் உருவாக்கிய, கம்ப்யூட்டரே இல்லாமல் கணினி அறிவியல் சொல்லித்தரும் விளையாட்டுகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் உயர்நிலைப் பிள்ளைகளிடம் இவற்றை அளவாகத்தான் பயன்படுத்துவேன். பக்கத்து அறைக்காரர்கள் மெஷினில் தட்டிக்கொண்டிருக்கும்போது இவர்கள் கையில் அட்டைத் துண்டைக் கொடுத்தால் "எங்களுக்கு மட்டும் சின்னப் பிள்ளை விளையாட்டா?" என்று முகம் சுருங்கிப் போகும். பார்த்திருக்கிறேன்.

சொல்லித்தரும் முறையில் நான் செய்த பெரிய மாற்றம், காலித் திரையை முதல் நாள் காட்டுவதை நிறுத்தியது. பிறமொழி கற்கும்போது முதல் நாளே கட்டுரை எழுதச் சொல்வதில்லை, படிக்கத்தான் சொல்கிறோம். இங்கேயும் முதலில் ஓடுகிற நிரல் ஒன்றைக் கொடுத்து, இது என்ன செய்யும் என்று ஊகிக்கச் சொல்லுங்கள். பிறகு ஓட்டுங்கள், தோண்டுங்கள், மாற்றுங்கள், கடைசியில்தான் சொந்தமாக எழுதுவது. சூ சென்டன்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் இந்த வரிசைக்கு முறையான வடிவம் கொடுத்திருக்கிறார், பிரிம் (PRIMM) என்று தேடினால் கிடைக்கும். நான் இதைப் பயன்படுத்தும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், கணித ஆசிரியருக்கு இது பிடிக்கும். பைத்தானோடு ஆமை என்ற வரைபடக் கருவி இலவசமாகவே வருகிறது. 1967-ல் சீமோர் பேப்பர்ட், வாலி ஃபர்ஸைக், சிந்தியா சாலமன் உருவாக்கிய லோகோ மொழியின் வழிவந்தது அது. நூறு அடி முன்னே போ, தொண்ணூறு பாகை வலப்பக்கம் திரும்பு, இதை நான்கு முறை செய். ஓட்டினால் சதுரம். எல்லோரும் சரியாக ஊகித்துவிடுவார்கள். அடுத்து, "முக்கோணம் வேண்டும், எந்த இரண்டு எண்ணை மாற்றுவீர்கள்?" என்று கேளுங்கள். நான்கை மூன்றாக்க வேண்டும் என்பார்கள். கோணம்? அறையே சேர்ந்து "அறுபது" என்று கத்தும். சமபக்க முக்கோணத்தின் கோணம் அறுபது என்பதை நீங்கள்தானே போன வருடம் சொல்லிக்கொடுத்தீர்கள். ஓட்டிக் காட்டுங்கள். முக்கோணம் வராது, மூடாத கிண்ணம் மாதிரி அரை அறுகோணம் ஒன்று வரும்.

அந்த நொடியில் அறை அமைதியாகும். வீட்டில் மூன்று வருடமாகக் கோடிங் செய்கிறவனும் அறுபது என்றுதான் சொல்லியிருப்பான். இன்றைக்குத்தான் கீபோர்டைத் தொட்டவளும் அறுபதுதான். இருவரும் ஒரே படியில் நிற்கிறார்கள். எழுந்து அறைக்குள் முக்கோணமாக நடந்துபார்க்கச் சொல்லுங்கள். நடக்கும்போதுதான் பிடிபடும், ஆமை திரும்புவது உள்கோணத்தில் இல்லை, வெளிக்கோணத்தில் என்று. நூற்றியிருபது. என் வகுப்பில் இதை முதலில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் கோடிங் தெரிந்த பையனாக இருப்பதில்லை, எழுந்து நடந்துபார்க்கக் கூச்சப்படாத யாரோ ஒருவர். அடுத்து ஐந்து முறை, நூற்றிநாற்பத்துநான்கு பாகை கொடுத்துவிட்டு என்ன வரும் என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுங்கள். திரும்பி வரும்போது நட்சத்திரங்கள் இருக்கும், அதற்கு வண்ணம் பூசுவது எப்படி என்று நீங்கள் சொல்லித்தராத ஒன்றை யாராவது கேட்பார்கள்.

எரர் செய்தியை எப்படிப் படிப்பது என்பதை முதல் நாளிலேயே பாடமாக எடுங்கள். பைத்தானில் கடைசி வரியை முதலில் படிக்க வேண்டும், என்ன வகைப் பிழை என்று அங்கேதான் இருக்கும், அதற்கு மேலே வரி எண். இதை யாரும் சொல்லித்தருவதில்லை, எல்லோரும் தானாகத் தெரிந்துகொண்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். நான் வகுப்புத் தொடக்கத்தில் ஓடுகிற நிரலைக் கொடுத்து, "பத்து நிமிடத்தில் இதை எத்தனை விதமாக உடைக்க முடியும்?" என்று போட்டி வைப்பேன். வேண்டுமென்றே வரவழைத்த எரரைக் கண்டு யாரும் கூசுவதில்லை. சிவப்பு எழுத்து என்பது திட்டு இல்லை என்று கைக்குத் தெரிந்துவிடுகிறது. குறியீடுகள் குழப்புவதற்கு மாணவர் காரணம் இல்லை என்பதற்கும் ஒரு ஆய்வு உண்டு. ஆண்ட்ரியாஸ் ஸ்டெஃபிக்கும் சூசன்னா சீபர்ட்டும், புதியவர்களிடம் பெர்ல் என்ற நிஜப் புரோகிராமிங் மொழியையும், குறியீடுகளைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்து உருவாக்கிய ஒரு மொழியையும் கொடுத்துப் பார்த்தார்கள். பெர்லில் எழுதியவர்கள் அதைவிடத் துல்லியமாக எழுதிவிடவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனால் "இது தலைகால் புரியல சார்" என்று ஒருவர் சொல்லும்போது நான் இப்போது அதை நம்புகிறேன்.

எந்த மொழி என்று கேட்டிருந்தீர்கள். இதில் நேரத்தை வீணாக்காதீர்கள். உயர்நிலை வயதுக்குப் பைத்தான் போதும். கட்டளைக் கட்டங்களை இழுத்துப் பொருத்தி நிரல் அமைக்கும் ஸ்க்ராட்ச் அருமையான கருவி, ஆனால் பதினைந்து வயதுக்காரர்களில் பாதிப்பேர் அதைச் சின்னப் பிள்ளைகளுடையது என்று நினைத்துவிடுகிறார்கள். ஆங்கிலச் சொற்களே தடையாக இருப்பவர்களுக்கு, கட்டளைகளைத் தங்கள் மொழியிலேயே தட்ட இடம் தரும் ஹெடி என்ற மொழியை நெதர்லாந்தின் ஃபெலின் ஹெர்மன்ஸ் 2020-ல் வெளியிட்டார், படிப்படியாகப் பைத்தானை நோக்கி நகர்த்தும் அமைப்பு அது.

உங்கள் பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்கு மட்டும் மொழித் தேர்வு உண்மையிலேயே முக்கியம். கட்டங்களை மவுஸால் இழுத்துப் பொருத்தும் கருவிகள் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரோடு பெரும்பாலும் ஒத்துப்போகாது. அந்த ஒரு தேர்விலேயே அவரை வெளியே நிறுத்திவிடுவோம். மேலே சொன்ன ஸ்டெஃபிக் உருவாக்கிய குவோரம் என்ற மொழி பார்வையற்ற மாணவர்களை மனதில் வைத்தே தொடங்கியது. பைத்தானிலும் முடியும். வரித் தொடக்கத்து இடைவெளிதான் சிக்கல். எந்த வரி எதற்குள் அடங்கும் என்பதைப் பைத்தானில் அதுதான் காட்டும், காதால் கேட்கிறவருக்கு அது தெரியாது. என்விடிஏ என்ற இலவச ஸ்கிரீன் ரீடரில் அந்த இடைவெளியைப் பேச்சாகவோ ஒலியாகவோ அறிவிக்கும் அமைப்பு இருக்கிறது, அதை இயக்கிவையுங்கள். ஆமை வரைபடம் அவருக்கு உதவாது, அதற்குப் பதில் ஒலியை வைத்து ஏதாவது செய்யச் சொல்லுங்கள். இந்த விஷயத்தில் என் அனுபவம் இரண்டே மாணவர்கள். அதனால் என்னைவிட அந்த மாணவரையே கேளுங்கள், அவருடைய கருவிகள் அவருக்குத் தெரியும்.

இனி நான் அவ்வளவாக நம்பாதவை. ஒரு நாள் வந்து பேசிவிட்டுப் போகும் சாதனையாளரால் அன்று மாலை வரை பலன் உண்டு, உங்கள் ஒன்பது பேரே சாட்சி. அதைவிட இரண்டு வகுப்பு மேலே படிக்கும், இன்னமும் எரர் வாங்கிக்கொண்டிருக்கும் அக்கா ஒருத்தி வாரவாரம் வந்து உட்கார்ந்தால் மதிப்பு அதிகம் என்பது என் அனுபவம். 2013-ல் தொடங்கிய ஒரு மணி நேரக் கோடிங் இயக்கம் கோடிக்கணக்கானவர்களைத் தொட்டிருக்கிறது. தொடக்கத்துக்கு நல்லது, இரண்டாவது மணி நேரம் இல்லாவிட்டால் அது வேடிக்கை காட்டியதோடு சரி. "கோடிங் கற்றால் மூளை கூர்மையாகும், மற்ற பாடங்களும் வரும்" என்று பெற்றோரிடம் சொல்லாதீர்கள். ராய் பீ, மிடியன் குர்லண்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1980-களில் லோகோ கற்ற பிள்ளைகளைச் சோதித்தபோது, திட்டமிடும் திறன் மற்ற வேலைகளுக்குப் பரவியதாகத் தெரியவில்லை. அதன் பின் வந்த ஆய்வுகள் கலவையானவை. "உன்னால் முடியும்" என்ற மனநிலைப் பயிற்சிகளின் பலன் பெரிய ஆய்வுகளில் மிகச் சிறியதாகவே தெரிகிறது. வேலை கிடைக்கும் என்ற வாக்குறுதியை நான் கொடுப்பதே இல்லை, பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஏழு வருடம் கழித்துச் சந்தை எப்படி இருக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது? பெண்களுக்கு மட்டும் தனி வகுப்பு வைக்கலாமா என்பதில் ஆசிரியர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. முதல் ஆறு வாரத்துக்கு வைத்துப் பார்த்து, பிறகு சேர்த்துவிட்டேன், அது நன்றாகவே நடந்தது. நிரந்தரமாகப் பிரித்துவைக்க எனக்கு மனமில்லை.

உங்கள் பதின்மூன்று பையன்களை மறந்துவிடவில்லை. அவர்களும் உங்கள் பிள்ளைகள்தான், அவர்கள் ஆர்வத்தைக் குட்ட வேண்டியதில்லை. அவர்களுக்கு வேறு மூலையில் நிஜமாகவே கடினமான ஒரு வேலையைக் கொடுங்கள், பள்ளி நூலகத்துக்கு ஒரு சின்ன மென்பொருள் மாதிரி ஏதாவது. புதியவர்களுக்கு உதவ விரும்புகிறவர்களுக்கு என் வகுப்பில் ஒரே ஒரு சட்டம் உண்டு. மற்றவர் கீபோர்டைத் தொடக் கூடாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, கேள்வி மட்டும் கேட்கலாம். முதல் வாரம் துடித்துப்போவார்கள். தட்டாமல் விளக்க வேண்டுமென்றால் தனக்கே பாதிதான் தெரியும் என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைக்கும். சிலர் அதில் மிக நல்ல ஆசிரியர்களாக மாறினார்கள்.

இத்தனைக்குப் பிறகும் போகிறவர்கள் போவார்கள். என்னிடம் வந்ததிலேயே கூர்மையான ஒரு மாணவன், குடும்பச் சூழலால் மாலை வேலைக்குப் போக வேண்டியிருந்தது, நின்றுவிட்டான். நான் செய்த எந்த மாற்றமும் அதைத் தொடக்கூட முடியவில்லை. பாடம் நடத்துகிறவர் கையில் இருப்பது அந்த அறையும் அந்த ஒரு மணி நேரமும்தான்.

கடைசியாக, இந்த வாரமே செய்யக்கூடிய ஒன்று. புதிய ஆட்களைத் தேடுவதற்கு முன், வந்துவிட்டுப் போன அந்த ஒன்பது பேரைத் தனித்தனியாகப் பாருங்கள். "ஏன் வரவில்லை?" என்று கேட்டால் "டைம் இல்ல சார்" என்பார்கள். "இரண்டாவது வாரம் வந்தாயே, உள்ளே வந்து உட்கார்ந்ததிலிருந்து என்னென்ன நடந்தது, வரிசையாகச் சொல்" என்று கேளுங்கள். நானும் ஒருமுறை இப்படிக் கேட்டேன், பாடம் கடினம் என்றோ பையன்கள் கேலி செய்தார்கள் என்றோ சொல்வாள் என்று எதிர்பார்த்து. அந்தப் பெண் சொன்னது இது: "முதல் வாரம் குடுத்த லாகின் பாஸ்வேர்டு மறந்துபோச்சு சார். எல்லாரும் தட்ட ஆரம்பிச்சுட்டாங்க. கேக்க வெக்கமா இருந்துச்சு. ஓப்பன் பண்ற மாதிரியே ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன்." அன்றிலிருந்து பாஸ்வேர்டுகளை ஆளுக்கொரு அட்டையில் எழுதி, வகுப்பு தொடங்கும் முன்பே அவரவர் கீபோர்டின் மேல் வைத்துவிடுகிறேன்.